பட்டமுத்துவின் வலது கண்

கண் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் டாக்டர் ஷாகிராவுக்குச் சந்தேகப் பிராணி என்று ஒரு பட்டப்பெயர். புதிதாக வந்த சாயப் புட்டியை நம்ப மாட்டார். குழாய்த் தண்ணீரை நம்ப மாட்டார். போன வாரம் தானே எழுதிய முடிவை இந்த வாரம் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்.

அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த அருமைநாயகம் அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். இருபது வருஷம் சொந்தமாகக் கண் கிளினிக் நடத்தியவர். இருந்தாலும் மேடம் என்றுதான் கூப்பிட்டார். மனசுக்குள் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

ஒருநாள் காலை, பஸ் டெப்போவிலிருந்து வந்த கடிதத்தோடு ஆய்வகத்துக்குள் வந்தார். கண்டக்டர் பட்டமுத்து கண்வலி என்று ஏழு வாரமாக வேலைக்கு வரவில்லை. நோய் உண்மையா, உண்மையென்றால் எந்தத் தேதியிலிருந்து, எழுதித் தரவும் என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று பதில் போனால் பட்டமுத்துவுக்கு வேலை போய்விடும். வார்டில் அவர் படுத்திருக்கும் கட்டிலையும் இன்றைக்கே காலி செய்ய வேண்டியதுதான்.

"மேடம், ஒருத்தர் பொய் சொல்றாரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யாரு பொய் சொல்றா?"

"இந்தக் கண்டக்டர்தான். வலது கண்ணு லேசாச் செவந்திருக்கு. கருவிழியில ஒரு சின்ன மங்கல். அவ்வளவுதான். அதுக்குப் போயி கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுறார்."

"வேற?"

"நேத்து கேன்டீன்ல டீயும் கையுமா நின்னு போன்ல சிரிச்சுப் பேசிட்டிருந்தார். நானே பாத்தேன்."

"வேற?"

அருமைநாயகத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். செவ்வாய்க்கிழமை, மூணாவது ட்ரிப், கல்குவாரி ஸ்டாப் தாண்டினதும் கண்ணுல தூசி விழுந்துச்சு, ரேடியேட்டருக்கு வச்சிருந்த கேன் தண்ணியில கழுவினேன்னு ஒரே மூச்சுல ஒப்பிக்கிறார். ஏழு வாரத்துக்கு முந்தி நடந்தது யாருக்கு மேடம் இவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்கும்? மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார்."

"அமீபா பக்கம் நிரப்பினீங்களா?"

நோயாளிப் படிவத்தில் அமீபாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் போடுபவரா என்பதுதான் அதில் முதல் கேள்வி. லென்ஸ் போடுபவர்களுக்குத்தான் அது அதிகம் வரும் என்று சொல்லும் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தயாரித்த படிவம்.

"லென்ஸ் போடுறதில்லைன்னார். அந்தப் பக்கத்தை அப்படியே அடிச்சுட்டேன்."

"நல்லது. சந்தேகப்படுறது நல்ல பழக்கம் டாக்டர். பாதியில நிறுத்தக் கூடாது. வேற என்ன சாட்சி இருக்கு?"

"ஸ்லைடு இருக்கு. கருவிழியைச் சுரண்டி எடுத்து நேத்து நானே பாத்தேன். வெள்ளையணுக்கள் மட்டும்தான். கிருமி ஒண்ணும் இல்லை."

"அதை விசாரிச்சீங்களா?"

"எதை மேடம்?"

"ஸ்லைடை."

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. இருபது வருஷ அனுபவத்தை இந்தப் பெண் சந்தேகப்படுகிறாரா?

ஷாகிரா ஸ்லைடைக் கேட்டு வாங்கினார். பழைய சாயத்தைக் கழுவிவிட்டு வேறொரு சாயத்தில் இரண்டு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் நீல விளக்கைப் போட்டார்.

"பாருங்க."

முதலில் வெறும் இருட்டாகத் தெரிந்தது. கண் பழகியதும் ஒன்று மின்னியது. தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே இருந்தது. நேற்று அவர் வெள்ளையணு என்று எழுதிய அதே உருண்டைகளில் பல இப்போது சுவருக்குள் சுவராக ஒளிர்ந்தன. உள்சுவருக்கு மூலைகள் இருந்தன. வெள்ளையணுவுக்கு ஏது சுவர்?

அருமைநாயகம் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"அமீபா," என்றார்.

தண்ணீரிலும் மண்ணிலும் குடியிருக்கும் உயிர் அது. கருவிழிக்குள் புகுந்தால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு படுத்துவிடும். ஆரம்பத்தில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, வலி மட்டும் உயிரை எடுக்கும். இதெல்லாம் அருமைநாயகம் படித்ததுதான்.

"நேத்து இந்த ஸ்லைடு உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்லைன்னு."

"அது கேன்டீனுக்குப் போறதில்லை, அழுறதும் இல்லை. அதனால நம்பிட்டீங்க."

அருமைநாயகம் வார்டுக்கு நடந்தார். இன்றைக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்ற நினைப்பே அவரை உலுக்கியது. நர்ஸிடம் மணிக்கொரு தடவை விடவேண்டிய சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே போனார். பட்டமுத்து ஈரத் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், லெட்டர் எழுதிட்டியளா?"

"அந்தக் கேன் தண்ணி எங்க பிடிச்சது?"

"குவாரிக் குட்டையில பிடிச்சதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா சார். நீங்கதான் எழுதிக்கிடல."

அருமைநாயகம் தயங்கினார். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"நேத்து போன்ல சிரிச்சுப் பேசினீங்களே?"

"எம்மவ சார். அப்பா, வலிக்கான்னு கேட்டா. புள்ளகிட்ட அழவா முடியும்?"

அருமைநாயகம் கூனிக் குறுகிப் போனார். துண்டைத் தானே வாங்கி நனைத்துப் பிழிந்து கொடுத்துவிட்டு வந்தார்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து டெப்போவுக்குப் பதில் எழுதினார். நோய் உண்மை, கடுமையானது, மாதக்கணக்கில் சிகிச்சை தேவை. அதுவரை பேனா தடையில்லாமல் ஓடியது. தேதியில் வந்து நின்றுவிட்டது.

"எந்தத் தேதியிலிருந்துன்னு போட மேடம்? நமக்கு இன்னைக்குத்தானே தெரிஞ்சுது."

ஷாகிரா அடுத்த ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை, மூணாவது ட்ரிப்."