கவுன்சிலர் தலைக்கு ஒளிவட்டம்

"இதென்னம்மா, என் மூஞ்சி கரிபிடிச்ச சட்டி மாதிரி இருக்கு!" பிறந்தநாள் பேனரைப் பார்த்துக் கத்தினார் கவுன்சிலர் மருதநாயகம். "முகம் பளபளன்னு மின்னணும். தலைக்குப் பின்னால ஒளிவட்டம், சுத்தி மேகம். பார்க்கிறவன் உருகணும்!"

கடை முதலாளி டிசைனர் பெனிட்டாவை முறைத்தார். "அண்ணாச்சிக்குப் பிடிக்கலைன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

இத்தனை எஃபெக்ட் வேண்டாமென்று அவள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது? எல்லா ஃபில்டரையும் போட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கு டீ சொல்லுங்க சார்" என்றாள்.

டீ கொண்டுவந்த முத்தையா திரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஐயோ, அண்ணாச்சி போயிட்டாரா? எப்ப எடுக்கிறாங்க?"

வாசலுக்கு முதுகு காட்டி நாற்காலியில் இருந்த அண்ணாச்சி மெல்லத் திரும்பினார்.

"அம்மாடி, அந்தக் கரிச்சட்டியையே போட்டுடேன்."

பெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய பேனரைத் திறந்தாள்.