கடற்கரைக் கழுதை சவாரி வந்த விதம்

அந்தக் காலத்தில் மனிதர்கள் கேட்டால் விலங்குகள் பதில் சொல்லும். இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிராம்பிள் என்ற பெண் கழுதை இருந்தது. அதன் எஜமானி ஹெப்சிபா சிப்பி பொறுக்கி விற்பவள். கடல் உள்வாங்கியதும் இருவரும் தூரத்து மணல்திட்டுக்குப் போவார்கள். கூடைகளைப் பிராம்பிள்தான் சுமந்து வரும்.

ஒரு கோடைநாளில் அந்த ஊருக்கு முதன்முதலாக ரயில் வந்தது. அடேயப்பா, எத்தனை ஜனம்! பஞ்சாலைப் புகையைத் தவிர வேறெதையும் கண்டிராதவர்கள். கடலைப் பார்த்ததும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தொப்பிகள் பறந்தன, பாவாடைகள் நனைந்தன. பொரித்த மீன் வாசனை ஒருபக்கம், பாண்டு வாத்தியம் இன்னொரு பக்கம். சிப்பிக் கூடைகளோடு கரையேறிய பிராம்பிளுக்கும் கால் நிலைகொள்ளவில்லை.

அப்போதுதான் ஒரு தாய் அலறினாள். "ஐயோ, எடித்! ஆல்பி!"

அவளுடைய மகளும் மகனும் மணல்திட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கரைக்கும் நடுவே கடல் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. படகுகளெல்லாம் மீன்பிடிக்கப் போயிருந்தன.

"அம்மா, கூடையை இறக்குங்க!" என்றது பிராம்பிள்.

"பைத்தியமா உனக்கு? நீயும் மூழ்கிப்போவே!" ஹெப்சிபா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

பிராம்பிள் ஒரே உதறலாக உதறியது. சிப்பிகள் சிதறின, கயிறு கைநழுவியது. கழுதை தண்ணீருக்குள் பாய்ந்தது. முதலில் வயிறு நனைந்தது, பிறகு கழுத்து. உப்புநீர் மூக்கில் ஏறியது. எப்படியோ நீந்தி மணல்திட்டை எட்டியது.

பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அது திரும்பியபோது நாலு கால்களும் வெடவெடவென்று நடுங்கின. தாய் இருவரையும் வாரி அணைத்தாள். ஆல்பியோ திமிறிக்கொண்டு கத்தினான். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

கரையே சிரிப்பில் அதிர்ந்தது. "எனக்கும்! எனக்கும்!" என்று எங்கிருந்தெல்லாமோ குழந்தைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஹெப்சிபா அதன் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "என்னம்மா சொல்றே, சுமப்பியா?"

"சிப்பி சுமந்து சுமந்து முதுகு மரத்துப்போச்சு. இதுங்க சிரிச்சா முதுகெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டுது! நல்லா சுமப்பேன். ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணிக்குள்ள மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

அன்று முதல்தான் அந்நாட்டுக் கடற்கரைக் கழுதைகள் குழந்தைகளைச் சுமந்துகொண்டு குஷியாக அலையோரம் வரை நடக்கின்றன. குளம்பு நனைவதற்குள் தாமாகவே திரும்பிவிடுகின்றன.