கிணற்றுக்குள் ஒரு தீர்மானம்

ஒட்டப்பாளையத்துத் தண்ணீர்க் கமிட்டியில் ஐந்து பேர். செங்கோடன் அதில் ஐந்தாவது ஆள். அதிகாரி ஒருவர் வந்து, "இனிமே எதையும் ஃபார்மலைஸ் பண்ணிட்டுத்தான் செய்யணும்" என்று சொன்னபோது, அப்படியென்றால் என்னவென்று கேட்டவரும் செங்கோடன்தான்.

"அஞ்சு பேரும் ஓரிடத்துல கூடணும். தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தணும். அதுக்கு முன்னாடி ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது."

செங்கோடனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று மாலை டீ குடிப்பதை ஃபார்மலைஸ் பண்ணினார்கள். அதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறியதையும் ஃபார்மலைஸ் பண்ணினார்கள்.

மறுநாள் காலை செங்கோடன் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்க்கப்போய் உள்ளே விழுந்தார். நெஞ்சளவு தண்ணீர், அடியொன்றும் படவில்லை. ஆனால் கிணற்றுக்குப் படி கிடையாது. பதினோரு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மற்ற நால்வரும் கயிற்றோடு ஓடி வந்தார்கள்.

"மாமா, கயித்த விடுங்க" என்றார் செங்கோடன்.

"விடலாம் மாப்ள. தீர்மானம் ஆகட்டும்" என்றார் தலைவர் மாரப்பன்.

செங்கோடனுக்கும் அது நியாயமாகவே பட்டது. "சீக்கிரம் ஆகட்டுங்க. பையன் வீட்டுக்காரங்க பஸ் ஏறியிருப்பாங்க."

அப்பாவு விரல் விட்டு எண்ணினார். "நாலு பேருதான் இருக்கோம். மாப்ள, செத்த மேல வந்து கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி எறங்கிக்கயேன்."

செங்கோடன் முயன்று பார்த்தார். பாசி வழுக்கியது.

செயலாளர் நல்லுசாமி யோசித்தார். "அவரு வர முடியாட்டி நாம போலாம். அதிகாரி ஓரிடம்னுதான் சொன்னாரு. மேலன்னு சொல்லலியே."

"போறதுக்குத் தீர்மானம் வேண்டாமா?" என்று கேட்டார் மாரப்பன்.

"கூட்டத்துக்குப் போறதுக்கு எதுக்குங்க தீர்மானம்?"

கயிற்றை ஒழுங்காகச் சுருட்டிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, நால்வரும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். தீர்மான நோட்டும் முத்திரையும் நனையாமல் நல்லுசாமி அவற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். செங்கோடனைக் கயிறு விட்டுத் தூக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முத்திரை விழுந்த சத்தம் கிணறு முழுக்கக் கேட்டது. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரப்பன் மேலே பார்த்து அறிவித்தார். "தீர்மானம் ஆச்சு. கயித்த விடலாம்."

ஐந்து பேரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். கயிறு வரவில்லை.

"மேல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல" என்றார் அப்பாவு.

"கண்டிச்சு ஒரு தீர்மானம் போடுங்க மாமா" என்றார் செங்கோடன். "எனக்கு நேரமாகுது."

நல்லுசாமி நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.