காக்கா வழியே போன எள்

கோணவாய்க்கால் சமையல் கோஷ்டியில் மாஸ்டர் வீரபாகுவும், சன்னாசி, இருளப்பன் என்று இரண்டு கையாட்களும் உண்டு. கரண்டி பிடித்தால் மூவரும் கெட்டிக்காரர்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

மாஸ்டருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. மாத்திரையை விடாமல் போடச் சொன்ன டாக்டரம்மா, தினமும் சாப்பாட்டோடு ஒரு ஸ்பூன் எள் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று ஏறாமலிருக்கக் கொஞ்சம் உதவலாம் என்றார். அடுத்த சோதனையிலும் குறையாவிட்டால் பாயசத்தை நாக்கில் வைக்கவே கூடாது என்றும் கண்டித்துவிட்டார். மாஸ்டருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. பாயசம் ருசி பார்க்காதவரை யார் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்?

சன்னாசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எள்ளும் தண்ணியும் செத்தவங்களுக்குல்ல இறைப்போம்? மாஸ்டர் இன்னும் உசுரோட இருக்காரே."

மாஸ்டர் எதற்கும் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். எள்ளுருண்டை தின்கிறோமே என்று மெல்லக் கேட்டார். வெல்லம் சேர்ந்தால் பலகாரம், வெறும் எள் என்றால் திவசம் என்று சன்னாசி அடித்துச் சொல்லிவிட்டான்.

இருளப்பன் நெடுநேரம் மோவாயைத் தடவினான். "மேல்லோகத்துல இருக்கற தாத்தாவுக்கே காக்கா வழியா சோறு போய்ச் சேருது. பக்கத்துல குத்தவச்சிருக்கற மாஸ்டருக்குச் சேராதா?"

மூவருக்கும் அது சரியாகவே பட்டது. தினமும் காலையில் ஆற்றங்கரையில் எள்ளுச்சோறு வைத்து, மாஸ்டர் பெயரைச் சொல்லிக் காக்காவைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் காக்கா கொத்தியதும் மாஸ்டருக்கு ஏப்பம் வந்தது. வழியில் தின்ற வடை செய்த வேலை அது. ஆனாலும் மூவரும் கண்கலங்கிக் காக்காவைக் கும்பிட்டார்கள். எள் உள்ளே போய்விட்ட தைரியத்தில் மாஸ்டர் கேசரியையும் ஒரு கை பார்த்தார்.

சோதனையில் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. எள் சாப்பிட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"சாப்பிட்டாச்சும்மா. கொத்துறதக் கண்ணால பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பாயசத்துக்குத் தடை போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாளே பெரிய இடத்துக் கல்யாணம். அண்டாவில் பாயசம் கொதிக்க, மாஸ்டர் ஓரமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். பார்க்கவே பாவமாக இருந்தது. பந்திக்கு நேரமாகிவிட்டது. இனிப்பு போதுமா என்று அவர் சொல்லாமல் அண்டாவை இறக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

இருளப்பன் ஒரு கரண்டிப் பாயசத்தை இலையில் ஊற்றி மதில்மேல் வைத்தான். காக்கா வந்து மூக்கை நனைத்தது. எல்லோரும் மாஸ்டர் முகத்தையே பார்த்தார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"சக்கரை கம்மியாத்தான் தெரியுது. ஆனா இந்தக் காக்காவுக்குச் சளி பிடிச்சிருக்கு போல, ருசி சரியா எட்டல. வேற ஒண்ணக் கூப்பிடு."