பழனியப்பர் பிடித்த கம்பி

கோயம்புத்தூர்ப் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டச் சரஸாத்தாளை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்டவள் கட்டிய மூன்று மோட்டார்கள் ஒரே வாரத்தில் எரிந்துபோயின. கம்பி விற்ற பழனியப்பர் பட்டறைக்கே வந்து முழங்கினார்: "கட்டத் தெரியாத கை! என் கம்பி அசல் செம்பு."

"உள்ள அலுமினியம், மேல செம்புப் பூச்சுங்க" என்றாள் சரஸாத்தாள்.

"அதை நானே ஒத்துக்கற மாதிரி செய். அதுவரைக்கும் நீ காயிலைத் தொடக்கூடாது!"

பட்டறை முதலாளியும் தலையாட்டினார்.

சரஸாத்தாள் பழனியப்பரின் கம்பியில் ஒரு முழமும், அதே கனத்தில் பழைய செம்புக் கம்பி ஒரு முழமும் எடுத்து, நுனியோடு நுனி முறுக்கி, லாரி பேட்டரியோடு சேர்த்தாள்.

"ரெண்டுலயும் ஓடறது ஒரே கரண்டுங்க. ரெண்டும் செம்புன்னா ஒரே மாதிரிதான் சுடும். உள்ள அலுமினியம்னா அதுதான் அதிகமாச் சுடும். கைக்கு ஒண்ணாப் பிடிங்க."

பழனியப்பர் மீசையை முறுக்கிவிட்டுப் பிடித்தார். கொஞ்ச நேரம்தான். "ஐயோ!" என்று வலது கையை உதறினார். அதிலிருந்து நழுவித் தொங்கியது அவர் விற்ற கம்பி.

பட்டறையே சிரித்தது.

"இடது கையில இருக்கறதை மட்டும் ஏனுங்க விடல?" என்றாள் சரஸாத்தாள். "அதுதான் அசல் செம்பு. அதுலதான் இத்தனை நாளா என்னோட இந்தக் கை கட்டுச்சு."

எரிந்த மோட்டாரை இழுத்துப்போட்டுக் காயில் கட்ட உட்கார்ந்தாள்.