கருப்பி பொரிச்ச வெள்ளைக் குஞ்சு

ஒரு ஊர்ல ஒரு கருப்புக் கோழி இருந்துச்சாம். பேரு கருப்பி. அலகு கருப்பு, காலு கருப்பு, றெக்கையில வெயில் பட்டா மட்டும் பச்சையா மினுங்கும். முப்புடாதின்னு ஒரு பொண்ணு, கல்யாணமாகி வந்தப்போ அம்மா வீட்டுல இருந்து மடியில வச்சுக் கொண்டுவந்த கோழி அது. கேக்குறியா?

ம்.

புருஷன் வீட்டுல ஏற்கெனவே ஒரு கருப்புச் சேவல். பேரு கரியன். மாமியார் சொர்ணத்தாய்க்கு அவ அண்ணன் குஞ்சா இருக்கையில கொடுத்தது. வருஷா வருஷம் சுடலைமாடன் கொடைக்கு அந்த வீட்டுலதான் கருஞ்சேவல் கொடுக்கணும்; கரியனைக் குஞ்சுக்குன்னு வச்சிருந்தாங்க. ஒரு இறகு வெள்ளையா இருந்தாலும் சாமிக்கு ஆகாது. அதனால அந்த வீட்டு வாசல் முத்தத்துல வேற நிறத்துக்கு இடமே கிடையாது.

அப்புறம் கருப்பி அடையில உட்கார்ந்துச்சு. இடி இடிச்சா முட்டை கெட்டுக் கூமுட்டையாயிடும்னு முப்புடாதி கூடைக்குள்ள ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டு வச்சா. டொக்... டொக்... க்ரிச்! கீயா கீயான்னு எல்லாம் கருப்புக் குஞ்சு. கடைசியா ஒண்ணு வந்துச்சு பாரு, பஞ்சு மாதிரி வெள்ளை!

"ஏட்டி, ஒன் கோழி எவன் வீட்டுச் சுவரு ஏறிக் குதிச்சுது?"

"அது எங்கயும் போகலை அத்தே."

"போகாம, பால் குடிச்சா வெளுத்துச்சு?"

மாமியார் அப்படிச் சொல்லிட்டு, முப்புடாதி இடுப்புல இருந்த கைக்குழந்தையை ஒரு பார்வை பார்த்தா. பாப்பாவுக்குப் பூனைக்கண்ணு. அந்த வீட்டுல யாருக்கும் அப்படிக் கண்ணு கிடையாது. அப்பன்காரன் லாரியில வடக்க போனா திரும்ப மாசக்கணக்காகும். முப்புடாதி, கோழி மேல தப்பில்லைன்னு காட்டிட்டா, தன்னையும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சா.

அந்த வெள்ளைக் குஞ்சைப் பருந்து தூக்கிட்டுப் போச்சு. விர்ர்ர்ர்! மாமியார் முத்தத்துலதான் நின்னா. கல்லெடுக்கலை.

அடுத்த தடவை முப்புடாதி கருப்பி கால்ல கயிறு கட்டி முருங்கை மரத்தோட முடிஞ்சா. அப்போவும் ஒண்ணு வெள்ளை. "கயித்த அவுக்கத் தெரியாத கள்ளியா இது?"ன்னு மாமியார் அதைத் தெருவுல வந்த வாத்துக்காரன்கிட்ட கொடுத்துட்டா.

மூணாவது தடவை கருப்பியையும் கரியனையும் மட்டும் ஒரே பஞ்சாரக் கூடையில போட்டுக் கவுத்து, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சா. முட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு மாமியார்கிட்ட போனா. "நீங்களே கரியால கோடு போடுங்க அத்தே. நான் மாத்தி வச்சேன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது."

சொர்ணத்தாய் போட்டா. ஒவ்வொண்ணுலயும் குறுக்கும் நெடுக்குமா.

அப்புறம்? டொக்... டொக்... க்ரிச்! கோடு போட்ட ஓட்டை உடைச்சுக்கிட்டு, மறுபடியும் வெள்ளை. முப்புடாதி சந்தோஷமா அந்த ஓட்டைக் கொண்டுபோய்க் காட்டினா.

மாமியார் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அப்போ இது கோழியில்ல, பீடை. அண்ணன் வாரான். கறிக்கு இதையே அடிச்சிரு."

"குஞ்செல்லாம் இன்னும் றெக்கைக்குள்ளதான் படுக்குது அத்தே..."

"நீ கோழிக்குப் பேசுதியா, ஒனக்குப் பேசுதியா?"

அவ்வளவுதான். முப்புடாதி கையில அரிசியை அள்ளிக்கிட்டு பா பா பான்னு கூப்பிட்டா. தெரிஞ்ச கையாச்சே. கருப்பி ஓடி வந்துச்சு.

...தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அண்ணன் பலவேசம் வந்தாரு. வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவ முத்தத்துக்குப் போனவரு வெள்ளைக் குஞ்சைப் பார்த்துட்டு நின்னுட்டாரு. "அடி சொர்ணம், நம்ம வெள்ளச்சியில்லா இது!"

"எந்த வெள்ளச்சி?"

"ஒன் கரியனோட ஆத்தா. நம்ம வீட்ல தும்பைப்பூவா நின்னாளே! ஆத்தா நெறம் மகனுக்குள்ள ஒளிஞ்சு கெடந்திருக்கு. பெட்டைக்குள்ளயும் ஒளிஞ்சு கெடந்திருக்கும். ரெண்டும் சேந்தா வெளிய வரத்தான செய்யும்? தாய்க்கோழி எங்க, நான் பாக்கணுமே."

இலையில எலும்புதான் கிடந்துச்சு.

அவரு பாப்பாவைத் தூக்கினாரு. "ஏ, இது நம்ம தாத்தா கண்ணுல்லா! நீ பொறக்கு முன்னயே போயிட்டாரு சொர்ணம். நீ எங்க பாத்த?"

சொர்ணத்தாய் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. அன்னைக்கும் மன்னிச்சிருன்னு கேக்கலை, அப்புறமும் கேக்கலை. பாப்பாவை மட்டும் கீழ இறக்கவே இல்ல.

குஞ்செல்லாம் கீயா கீயான்னு பஞ்சாரத்தையே சுத்தி வந்துச்சு. முப்புடாதி பழைய சேலையைச் சுருட்டி உள்ள வச்சா. சேலைக்கு ஏது கோழிச் சூடு? ஒண்ணொண்ணா விறைச்சுச் செத்துது. வெள்ளை மட்டும் தங்குச்சு.

அது வளந்து, கரியனோட சேந்து, அதுவும் அடையில உட்கார்ந்துச்சு. டொக்... டொக்... க்ரிச்! வெள்ளைக்கோழி வயித்துக்குக் கீழ இருந்து கன்னங்கரேல்னு ஒரு குஞ்சு எட்டிப் பார்த்துச்சு.

"ஏட்டி, ஒங் கருப்பி வந்துட்டா பாரு!"ன்னு மாமியார் ஓடி வந்தா.

முப்புடாதி அதை உள்ளங்கையில எடுத்து, பா பா பான்னு மெதுவா கூப்பிட்டுப் பார்த்தா. குஞ்சு பயந்து, கையை விட்டுக் குதிச்சு ஓடிருச்சு. கருப்பி மாதிரியே இருந்துச்சு. கருப்பி இல்ல.

கதை பஞ்சாரத்துக்குள்ள போயிருச்சு, மேல கல்லும் வச்சாச்சு. கண்ணை மூடு என் தங்கம். தூங்கு.