சந்தேக அறையின் பூட்டு

முதலில் ஒரு விடுகதை. காதோரம் குடியிருக்கும். காதில் விழுவதையெல்லாம் உடனுக்குடன் சொல்லிவிடும். சொல்வது ஒரே ஒருவரிடம்தான். அது என்ன?

"ஒற்றன்" என்று யாராவது சொல்லியிருப்பீர்கள். இந்தக் கதையில் வரும் பூட்டும் அப்படித்தான் சொன்னது. சரியான விடை, காது மெஷின். காது சரியாகக் கேட்காதவர்கள் மாட்டிக்கொள்கிறார்களே, அதுதான். பூட்டுக்கும் இந்த விடை தெரியும். தெரிந்துகொண்டேதான் தப்பாகச் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது என்பதுதான் கதை.

ஒரு காலத்தில் தென்கரை என்று ஒரு நாடு, கடலுக்கு அந்தப் பக்கம் வடகரை என்று ஒரு நாடு. தென்கரையிலிருந்து உப்பும் துணியும் கப்பலேறும். வடகரையிலிருந்து நகத்தளவுச் சில்லுகளும், அவற்றை உள்ளே வைத்துச் செய்த கருவிகளும் வந்து இறங்கும். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சரக்கு எப்ப வரும்?" என்று கேட்பார்களே தவிர, வேறு வம்பு பேசியதில்லை.

பிறகு இரண்டு அரசுகளுக்கும் ஆகாமல் போயிற்று. வடகரையில் செய்த கேமரா ஒன்று, தென்கரையின் போர்க்கப்பல்களைப் படம் பிடித்துத் தன் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது கையும் களவுமாகப் பிடிபட்டது. ஆகவே பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை போட யாரும் இல்லை. 'வடகரையில் செய்ததாக இருந்து, பார்ப்பது, கேட்பது, எண்ணுவது எதுவானாலும் நிறுத்தி வையுங்கள்' என்று தலைநகரிலிருந்து துறைமுகத்துக்கு உத்தரவு வந்தது.

துறைமுகக் கிடங்கின் பின்பக்கம் ஓர் அறையை அதற்காக ஒதுக்கினார்கள். எல்லோரும் அதைச் சந்தேக அறை என்றார்கள். அதன் கதவில்தான் நம் பூட்டு இருந்தது. சாவி போடும் பூட்டு அல்ல. எண் பொத்தான்களும், சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும் ஒரு கண்ணும், மூன்று விளக்குகளும் கொண்ட பூட்டு. பச்சை எரிந்தால் சரக்கு போகலாம். மஞ்சள் எரிந்தால் சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்துத் தானே முடிவு செய்யலாம். சிவப்பு எரிந்துவிட்டால் அதிகாரி கையிலும் ஒன்றுமில்லை. தலைநகர் வாயைத் திறக்கும்வரை சரக்கு உள்ளேயே கிடக்கும்.

பூட்டின் முகத்தில் 'தென்கரையில் செய்தது' என்று பளபளக்கும் பித்தளைத் தகடு. காலையில் வெயில் பட்டால் அது கண்ணைக் கூசவைக்கும். எல்லோரும் தகட்டைப் பார்த்தார்கள். தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பின்னால் இருந்தது வடகரைச் சில்லு. பூட்டின் நினைவு, புத்தி, கண் எல்லாமே அந்தச் சில்லுதான். தென்கரையில் செய்தது அந்தத் தகடும் நான்கு திருகாணிகளும் மட்டுமே. எத்தனை முறை திறந்தது, எத்தனை முறை மூடியது என்று அது தன்னைச் செய்த ஊருக்கு அவ்வப்போது கணக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பூட்டாகக் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

உத்தரவு வந்த அன்றே பூட்டுக்கு உள்ளூர நடுக்கம் எடுத்துவிட்டது. 'என்னைத் திறந்து பார்த்துவிட்டால்?' யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. பிடி பிடி என்று கத்துகிறவனை யாரும் சோதனை போடுவதில்லை. அன்று முதல் கிடங்கிலேயே பெரிய குரல் பூட்டின் குரல்தான்.

மனிதர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் கிடங்கிலுள்ள சாமான்கள் பேச ஆரம்பிக்கும். ஒருநாள் அப்படிப்பட்ட நேரத்தில், மேசையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் காது மெஷின். வடகரையிலிருந்து வந்திருந்தது. பூட்டின் கண் இன்னும் அதன் சீட்டைப் படித்து முடிக்கவில்லை.

"டிக், டிக். யாரது? வந்த வேலை என்ன?" என்று அதட்டியது பூட்டு.

"வணக்கம் ஐயா. நான் காது மெஷின். பனிமலர் என்கிற பிள்ளைக்காக வந்திருக்கிறேன்."

பக்கத்தில் இருந்த தராசு சிரித்தது. "பூட்டண்ணே, இது என் தட்டுல உக்காந்தா முள்ளுகூட அசையாது. இதுக்குப் போயி இந்த அதட்டலா?"

"எடை போடுறவன் எடையை மட்டும் பாரு. பாதுகாப்பு என் வேலை" என்ற பூட்டு, பெட்டியின் பக்கம் திரும்பியது. "நீ என்ன கேட்பாய்?"

"பனிமலரைச் சுற்றி என்ன சத்தம் வருதோ, அதை."

"கேட்டு யாரிடம் சொல்வாய்?"

"அவள் காதுக்குள்ளே."

"வேறு யாரிடமும் இல்லையே?"

காது மெஷின் பொய் சொல்லப் பழகாதது. "எங்க ஊரில் ஓர் அக்கா இருக்காங்க ஐயா. பிள்ளை வளர வளரக் கேட்கும் அளவு மாறும். எனக்குள்ளே சேதி வாங்குற மெல்லிய கம்பி இழை ஒண்ணு இருக்கு. அது வழியா அந்த அக்கா என் அளவைத் திருத்துவாங்க. பேச்சு எதுவும் அதில் போகாது. சத்தம் கூடவா குறையவா, அவ்வளவுதான்."

"கேட்டீங்களா! அதுவே ஒப்புக்கொண்டது! ஒற்றன்!"

"எதை ஒப்புக்கிச்சு? சத்தம் கூடவா குறையவான்னு கேக்கறது எந்த ஊர் ஒற்று?" என்றது தராசு. "மஞ்சளைப் போடுங்கண்ணே. அதிகாரி கோமளா மேடம் பார்த்து முடிவு பண்ணட்டும். அதுதானே முறை?"

முறை அதுதான். பூட்டும் மஞ்சளைத்தான் போடப் போனது. அப்போது காது மெஷின் ஆவலாகக் கேட்டது:

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? பேசறதுக்கு முன்னாடி 'டிக், டிக்'னு தொண்டையைச் செருமினீங்களே. எங்க தொழிற்சாலையில பிறந்தவங்க எல்லாருமே அப்படித்தான் செருமுவோம். நீங்களும் எங்க…"

அது முடிக்கவில்லை. சிவப்பு எரிந்துவிட்டது.

தராசு அந்தச் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, "சரிதாண்ணே" என்று மட்டும் சொன்னது. அதன் பிறகு பூட்டை அது 'அண்ணே' என்று கூப்பிடவே இல்லை.

நாட்கள் போயின. தலைநகரிலிருந்து பதில் இல்லை. ஒருநாள் காலையில் பனிமலரும் அவள் அம்மா சகாயமும் மறுபடி கிடங்குக்கு வந்தார்கள். பனிமலருக்கு ஏழு வயது. பழைய மெஷின் கெட்டுப்போனதிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"மேடம், பதில் வரலைன்னு போன தடவையும் இதையேதானே சொன்னீங்க" என்றாள் சகாயம். "நேத்து ரோட்டுல பின்னாடி ஒரு டிரெய்லர் ஆரன் அடிச்சுக்கிட்டே வருது. இவ பாட்டுக்கு நடுரோட்டுல செருப்பு வாரை மாட்டிக்கிட்டு நிக்கிறா. டிரைவர் இறங்கி வந்து, செவிடான்னு கேக்கறான். ஆமாய்யான்னேன். அவன் முகம் செத்துப்போச்சு."

அதிகாரி கோமளா தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னம்மா செய்ய? விளக்கு சிவப்பா எரியுது. மஞ்சளா இருந்திருந்தா அன்னைக்கே நான் பார்த்துக் கொடுத்திருப்பேன்."

"அந்த விளக்குகிட்டதான் நான் பேசணும்போல" என்றாள் சகாயம்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பனிமலர் கதவருகே போய்விட்டாள். கேட்காத பிள்ளைகள் பலரைப் போல அவளும் எதையும் கையால் தொட்டுப் பார்ப்பவள். பூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்தாள். திரும்பவும் வைத்தாள்.

"அம்மா, இது நடுங்குது" என்றாள். "பயந்துபோயிருக்கு."

பிறகு, இடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய்க்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோல், அந்தப் பித்தளைத் தகட்டை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

அந்தக் கை தன் மேல் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது பூட்டுக்கு. அவள் அறைந்திருந்தால் தாங்கியிருக்கும்.

கோமளா எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். நடுக்கம் இருக்கத்தான் செய்தது. 'கோளாறு போலிருக்கு' என்று ஒரு திருப்புளியை எடுத்துவந்து தகட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். சில்லின் மேல் 'வடகரை' என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

பூட்டு கண்ணை மூடிக்கொண்டது. ஒற்றன் என்று இப்போது சொல்வார்கள், பிடுங்கி அந்த அறைக்குள்ளேயே எறிவார்கள் என்று காத்திருந்தது.

கோமளா தலைநகருக்குப் போன் போட்டார்.

"சார், சந்தேக அறைப் பூட்டு இருக்கில்லையா, அதுவே வடகரைதான் சார்… ஆமா சார், வெளியே தகடு நம்மளதுதான்… கணக்கு அனுப்புற இழையும் இருக்கு சார்… அதை அறுத்தா கதவு திறக்காது சார். இதே மாதிரிப் பூட்டுத்தான் எல்லாத் துறைமுகத்திலயும்… சரி சார். தகட்டை மூடிடறேன் சார்… பதிவேட்டுல எழுதலை சார்."

போனை வைத்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தகட்டைத் திரும்ப வைத்துத் திருகினார்.

சகாயம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அப்ப உங்களுக்கு வேண்டிய பூட்டுன்னா ஒரு நியாயம், எம்பிள்ளை காதுன்னா ஒரு நியாயமா மேடம்?"

கோமளா கடைசித் திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். பூட்டு யோசித்தது. இத்தனை நாள் எதற்காகப் பயந்ததோ அது நடந்தே விட்டது. ஒருவரும் அதை ஒற்றன் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் அவர்களுக்கு முடியாது, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்தச் சிவப்பு எதற்கு? அந்தப் பெட்டி இத்தனை நாள் இருட்டில் கிடந்தது எதற்கு? பித்தளைக்குப் பின்னால் பூட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது.

தகட்டைக் கழற்றி மூடினால், பூட்டு எல்லாச் சரக்கையும் புதிதாகப் படிக்க வேண்டும். கோமளா அந்தச் சின்னப் பெட்டியை அதன் கண்ணுக்கு நேரே நீட்டினார். மஞ்சள் எரிந்தது.

தராசு அதைப் பார்த்தது. பாராட்டவில்லை. பாராட்ட அதில் ஒன்றும் இல்லை என்று பூட்டுக்கே தெரியும். அது துணிச்சல் அல்ல. இழக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு வந்த நியாயம்.

கதவு வழியாக வெளியே போகும்போது காது மெஷின், மனிதர் காதில் விழாதபடி, "வரேன் அண்ணே. மஞ்சள் போட்டீங்களே, ரொம்ப நன்றி" என்றது. அதற்குக் கோபமே வரவில்லை. பூட்டு 'டிக், டிக்' என்று செருமியது. 

கோமளா பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தார். சகாயத்திடம் மெதுவாகச் சொன்னார்: "மஞ்சள் வந்துட்டதால என்னாலயே தர முடியும்மா. ஆனா உத்தரவுல ஒரு நிபந்தனை இருக்கு. இதுக்குள்ளே இருக்கிற இழையை அறுத்துட்டுத்தான் தரணும். அறுத்துட்டா, இப்ப வெச்சிருக்கிற அளவுலதான் எப்பவும் கேட்கும். அந்த ஊர்ல இருந்து யாரும் திருத்த முடியாது. இவ வளர்ந்தா இது பத்தாமப் போகலாம். வேண்டாம்னா, இழையோட விடச் சொல்லி எழுதிப் போடறேன். பதில் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

"பூட்டோட இழையை மட்டும் விட்டுட்டீங்க" என்றாள் சகாயம்.

"ஆமாம்மா" என்றார் கோமளா. அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

சகாயம் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினாள். "வீடியோவுல வருவாங்களே, உனக்கு மணி அடிச்சுக் காட்டி, கேட்டா கையைத் தூக்குன்னு சொல்லுவாங்களே, இதுக்குள்ள இருக்கிற இழையை அறுத்துட்டா அந்த அக்கா இனிமே வரமாட்டாங்க. இப்பவே வேணும்னா, இதை அறுத்துத்தான் தருவாங்களாம். இல்லேன்னா காத்திருக்கலாம். உன் காது. நீயே சொல்லு."

பனிமலர் மெஷினைப் பார்த்தாள். "அந்த அக்கா தேடுவாங்களா?" என்று கேட்டாள்.

"தேடுவாங்க" என்றாள் அம்மா.

கோமளா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.  பூட்டு மூன்று விளக்குகளையும் அணைத்துக்கொண்டது.

பனிமலர் இழையை அறுத்துவிடச் சொன்னாள்.